டி-ஷர்ட் முதுகில் இருந்த வார்த்தை

என் வீட்டுக்காரருக்கு இரண்டு குடும்பம். பதற வேண்டாம். ஒன்று நானும் என் பிள்ளைகளும். இன்னொன்று அவருடைய ரசிகர் மன்றம். எந்த நடிகரின் மன்றம் என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இந்தப் பக்கத்தைக் கிழித்து லேமினேட் பண்ணி ஹாலில் மாட்டிவிடுவார். ஏற்கெனவே அந்தச் சுவரில் சாமி படத்துக்கு இடமில்லாமல் சாமியை ஃபிரிட்ஜ் மேலே வைத்திருக்கிறேன்.

டோல்கேட் பக்கத்தில் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் எங்கள் வீடு. அவர் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நான் காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் பில் போடுகிறேன். விடியற்காலையில் மீன்பிடி லாஞ்சுகள் புறப்படும் நேரத்துக்கு நான் சீட்டில் இருக்க வேண்டும். அப்படி அரக்கப் பரக்க ஓடும் காலையில், படம் ரிலீஸ் என்று சொல்லி ஃபிரிட்ஜில் இருக்கும் பால் பாக்கெட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு கட்அவுட்டுக்கு ஊற்றப் போகிற மனுஷனிடம் நீங்கள் என்ன பேசுவீர்கள்? நான் பேசியதை அச்சில் போட முடியாது. போடக்கூடியது இவ்வளவுதான்.

“யோவ், அந்தாளுக்கு உன் பேரு தெரியுமாய்யா? உன் மூஞ்சி தெரியுமா? நீ இருக்கியா செத்தியான்னாவது தெரியுமா?”

“தெரியணும்னு இன்னாமே கீது?” என்பார். கோபமே வராது. அதுதான் எனக்கு இன்னும் எரியும்.

மன்றத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. என்ன நல்ல காரியம் செய்தாலும் தலைவர் பேரில்தான் செய்ய வேண்டும். செய்ததைப் படம் எடுக்க வேண்டும். படம் பேனரில் ஏற வேண்டும். இல்லையென்றால் அந்தக் காரியம் நடந்ததாகவே கணக்கில்லை. பள்ளிக்கூடம் திறக்கும்போது பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுப்பார்கள். கொடுக்கிறவர் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வார், வாங்குகிற பிள்ளை மறுமுனையைப் பிடித்துக்கொள்ளும், கேமரா ‘க்ளிக்’ என்கிற வரைக்கும் இரண்டு பேரும் விட மாட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ பிடுங்கிச் சண்டை போடுகிறார்கள் என்று நினைப்பீர்கள்.

இதையெல்லாம் சொன்னால்தான் அடுத்து நடந்தது புரியும்.

எங்களுக்குக் கீழ் வீட்டில் ஒரு சின்னப் பெண் குடிவந்தாள். கர்னூல் பக்கத்துப் பெண், வீட்டில் பேசுவது உருது. புருஷன் டிரெய்லர் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான். வந்த புதிதில் அவளுக்குத் தமிழ் ஒரு எழுத்து தெரியாது. நான்தான் பேசக் கற்றுக்கொடுத்தேன். கற்றுக்கொடுத்தது எங்கள் தமிழை. ரேஷன் கடையில் போய் நின்று, “அரிசி கீதா? இல்லாங்காட்டி இன்னாத்துக்கு லைன்ல நிக்கணும்?” என்று கேட்டுவிட்டாள். கியூவே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் வளர்ப்பு.

அவளுக்குப் பிரசவத்துக்கு நாள் நெருங்கியபோது அவள் அம்மா ஊரிலிருந்து வந்தார். நான் ‘பாயம்மா’ என்று கூப்பிடுவேன், அவர் என்னை ‘பேட்டி’ என்பார், மகளே என்று அர்த்தம். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரிந்த உருதுவோ நம் மெட்ராஸ் பேச்சில் கலந்து கிடப்பதுதான்: தோஸ்து, கலீஜ், பேஜார், நாஷ்டா. அதோடு அவர் வாயிலிருந்து இரண்டு வார்த்தை பிடித்துக்கொண்டேன். வேண்டும் என்றால், ஆமாம் என்றால், ‘ஹவ்’. வேண்டாம் என்றால் ‘நக்கோ’. இந்த மூலதனத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் மணிக்கணக்கில் கதை பேசுவோம். புருஷன்களைத் திட்டுவதற்குப் பாஷை அதிகம் தேவைப்படுவதில்லை.

ஒரு நாள் மத்தியானம் அந்தப் பெண்ணுக்கு லேசாக ரத்தம் பட்டது. ஆட்டோ பிடித்து கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நச்சுக்கொடி கீழ இறங்கி கர்ப்பப்பை வாயை அடைச்சிருக்கும்மா. நாளைக்குக் காலையில ஆபரேஷன் பண்ணிதான் எடுக்கணும். ரத்தம் நிறையப் போகும். இவளுக்கு ஓ நெகட்டிவ். எங்ககிட்ட இருக்கிறது பத்தாது. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஆளுங்களக் கொண்டு வாங்க. ரத்தம் கையில இல்லாம கத்தி வைக்கப் பயமா இருக்கு.”

டாக்டரே பயமாக இருக்கிறது என்று சொன்னால் நான் எங்கே போவேன்? பெண்ணின் புருஷன் நாக்பூருக்கு அந்தப் பக்கம் எங்கேயோ லாரியில். ஃபோன் போட்டால் தெலுங்கிலும் இந்தியிலும் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்கிறாள் ஒருத்தி. பாயம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

“க்யா போலி டாக்டர்?” டாக்டரம்மா என்ன சொன்னார் என்று கேட்கிறார்.

என் முழங்கையின் உள்பக்கத்தைத் தட்டிக் காட்டினேன். “கூன்,” என்றார் அவரே. ரத்தம் என்று புரிந்துகொண்டேன். “ஹவ், கூன். நிறைய. நாளைக்கு.” அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தேன். அண்ணன், தங்கச்சி, ஐஸ் கம்பெனி சூப்பர்வைசர், எல்லாரையும் மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் என் வீட்டுக்காரருக்குத்தான் அடித்தேன்.

“யோவ், கீழ் வீட்டுப் பொண்ணுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் வேணும்யா. இன்னிக்கே வேணும். இல்லாங்காட்டி அது பொழைக்கிறது கஷ்டம்.”

“நான்தாம்மே ஓ நெகட்டிவ்,” என்றார்.

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. வருஷா வருஷம் அந்த நடிகரின் பிறந்தநாளுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, அங்கே தந்த பிஸ்கட்டையும் ஜூஸ் டப்பாவையும் தான் சாப்பிடாமல் வீட்டுக்குக் கொண்டுவருவார். நான் திட்டிக்கொண்டே அந்த ஜூஸைக் குடிப்பேன். என்ன குரூப் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

“என் ரத்தம் அல்லாருக்கும் செல்லும்மே. எனக்குத்தான் அல்லாரோடதும் செல்லாது,” என்று சிரித்தார். “மன்றத்து குரூப்புல போடுறேன். நீ பாயம்மாவப் பாத்துக்க.”

வந்தார்கள். கடவுளே, எப்படி வந்தார்கள்! டோல்கேட் ஆட்கள் ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு. எண்ணூர் அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர் ஷிஃப்டைப் பாதியில் விட்டுவிட்டு, காதோரம் சாம்பல் தூசியோடு பைக்கில். மீஞ்சூரிலிருந்து ஒருத்தர் ரயில் பிடித்து. நான் கேட்டது ஓ நெகட்டிவ் மட்டும்தான். ஆனால் எந்த குரூப்பாக இருந்தாலும் வந்துவிட்டார்கள், வேறு யாருக்காவது ஆகட்டும் என்று. மன்றத்துச் சேவை என்பதால் எல்லாரும் மன்றத்து டி-ஷர்ட்டில். முன்பக்கம் அந்த நடிகர், சமீபத்திய படத்தின் போஸ்டரில் இருந்தபடியே, கையில் அருவாள், கன்னத்தில் ரத்தத் தெறிப்பு. பின்பக்கம், முதுகு முழுக்க, இங்கிலீஷில் பெரிய எழுத்தில் ‘ஃபேன்ஸ்’. பழக்க தோஷத்தில் ஒருத்தர் வாசலிலேயே “தலைவர் வாழ்க” என்று கத்திவிட்டு நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பாயம்மா நிமிர்ந்து பார்த்தார். அருவாளோடும் ரத்தத்தோடும் ஒரு கூட்டமே ரத்தம் கொடுக்கும் ரூமை நோக்கி வருகிறது. எழுந்து போய் வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டார்.

“நக்கோ! கௌன் ஜி யே லோகாங்? குண்டே?”

யார் இவர்கள், ரவுடிகளா என்று கேட்கிறார். என் மகள் உடம்பில் இவர்கள் ரத்தமா என்பது முகத்திலேயே எழுதியிருக்கிறது. பெண்ணைக் கூப்பிட்டு விளக்கச் சொல்லலாம் என்றால் அவளை வார்டில் படுக்க வைத்துவிட்டார்கள். உள்ளே இருக்கும் டெக்னீஷியனோ, “சீக்கிரம் வாங்கம்மா, டெஸ்ட் பண்ணவே நேரம் ஆகும்” என்று அவசரப்படுத்துகிறார். நேரம் போகிறது. நான்தான் சொல்லியாக வேண்டும்.

என் வீட்டுக்காரரின் தோளைப் பிடித்துத் திருப்பி முதுகைக் காட்டினேன். “பாயம்மா, ஃபேன்ஸ்.”

“ஃபேன்ஸ் போலே தோ?”

ஃபேன்ஸ் என்றால் என்ன என்று கேட்கிறார். இருபது வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. “தோஸ்து,” என்றேன். பாயம்மா டி-ஷர்ட்டில் இருக்கும் நடிகரைக் காட்டி, இவனுடைய தோஸ்தா, இவனுக்கு இவர்களைத் தெரியுமா என்று கேட்டார். “நை. அவருக்கு இவங்களத் தெரியாது.” பாயம்மா குழம்பினார். விரலைத் தேய்த்துக் காட்டி, “நௌகர்?” என்றார். சம்பள ஆளா? “நை பாயம்மா, இவங்கதான் கைக்காசு போட்டு டிக்கெட் வாங்கறாங்க!” சொந்தக்காரர்களா? “நை.” பிறகு நெஞ்சில் கை வைத்துத் தலையைக் குனிந்து காட்டி, “முரீத்?” என்றார். ராயபுரத்தில் தர்கா பக்கம் கேட்டிருக்கிறேன், பெரியவர் ஒருவரைக் குருவாக ஏற்றுக்கொண்ட சீடர்கள். யோசித்தேன். குரு என்றால் நாலு நல்ல வார்த்தையாவது சொல்லித்தருவார். இவர் வருஷத்துக்கு ஒரு படம் தருகிறார், அதுவும் ஓடவில்லை. “நை,” என்றேன்.

பாயம்மா பொறுமை இழந்து, நெற்றிப்பொட்டில் விரலை வைத்துச் சுற்றினார். “பாகல்?”

“ஹவ்!” என்றேன் மனதார. “பாகல்! சுத்த பாகல்!”

“இன்னாமே, நீயே இப்டி சொன்னா எப்டி?” என்றார் என் வீட்டுக்காரர். சொல்லி முடித்த பிறகுதான் என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன். பைத்தியக்காரர்களின் ரத்தத்தை யார் வாங்குவார்கள்?

அந்த நேரம் பார்த்து ஒருத்தர் ஃபோனைத் தூக்கிப் பிடித்தார். படம் எடுக்க. பாயம்மா துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். “ஃபோட்டோ நக்கோ! பேட்டி கா ஃபோட்டோ நக்கோ, நாம் நக்கோ!” மகளின் ஃபோட்டோவும் வேண்டாம், பேரும் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டு, அழுகிற குரலில் சொன்னார். இப்போது எனக்கு எல்லாம் புரிந்தது. ரத்தத்தைக் கொடுத்துவிட்டு மகளின் முகத்தைத் தெருவில் மாட்டிவிடுவார்களோ என்றுதான் அவருக்குப் பயம். வந்த நாளிலிருந்து எங்கள் தெருவில் பேனர்களைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்.

மன்றத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “ஃபோட்டோ இல்லாங்காட்டி தலைமை மன்றத்துக்கு இன்னாண்ணே காட்றது?” என்று ஒருத்தர் முனகினார். என் வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்று எனக்கே தெரியவில்லை.

“போன உள்ள வைடா,” என்றார். “பாயம்மா வேணாம்னா வேணாம். ஃபோட்டோவும் கிடையாது, பேரும் கிடையாது.” பிறகு பாயம்மாவின் முகத்தையும் தன் நெஞ்சில் இருந்த அருவாளையும் மாறி மாறிப் பார்த்தார். பாத்ரூம் பக்கம் போனார். திரும்பி வந்தபோது டி-ஷர்ட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டிருந்தார். தையல் நூலெல்லாம் வெளியே தொங்கியது. “தலைவரு நெஞ்சோட ஒட்டிக்கினு இருப்பாரு. இன்னா இப்ப?” என்றார் மற்றவர்களிடம். ஒவ்வொருத்தராகப் போய்த் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

பாயம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். விரித்த கைகள் மெல்ல இறங்கின. வாசலை விட்டு நகர்ந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

“சாஹ்னேவாலே,” என்றார்.

எனக்குத் தெரியாத வார்த்தை. இந்த முறை அவர் எனக்கு விளக்கினார். தன் நெஞ்சைத் தொட்டு, கையை முன்னால் நீட்டினார், எதையோ கொடுப்பது மாதிரி. பிறகு அதே கையைத் திருப்பி, காலியாக இருப்பதைக் காட்டினார். இங்கிருந்து போகும். அங்கிருந்து ஒன்றும் வராது. ஆனாலும் போகும். இப்படி ஆசை வைக்கிறவர்கள்.

“ஹவ்,” என்றேன். “அதுதான் ஃபேன்ஸ்.”

ஓ நெகட்டிவ் ஆட்கள் மூன்று பேரும் முதலில் படுத்தார்கள்: என் வீட்டுக்காரர், எண்ணூர்க்காரர், மீஞ்சூர்க்காரர். மற்றவர்கள் பின்னால் வரிசையில். பாயம்மா ஒவ்வொருவர் தலைமாட்டிலும் நின்று வாய்க்குள் எதையோ ஓதி ஊதிவிட்டுப் போனார். அந்தத் தடிமாடுகள் எல்லாம் பச்சைப் பிள்ளைகள் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் ஆபரேஷன். டாக்டரம்மா சொன்னபடியேதான் ஆனது. ரத்தம் போய்க்கொண்டே இருந்ததாம், ஏற்றிக்கொண்டே இருந்தார்களாம். நாங்கள் இரண்டு பேரும் வெளியே பெஞ்சில், ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி. கடைசியில் டாக்டரம்மா வந்தார். “பொண்ணு. அம்மாவும் நல்லா இருக்கா. அந்த ரத்தம் மட்டும் இல்லன்னா நான் இப்ப வேற சேதி சொல்லிட்டிருப்பேன்,” என்றார். இதை என் வீட்டுக்காரரிடம் சொல்ல ஃபோன் அடித்தேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. முந்தின நாள் ரத்தம் கொடுத்த உடம்பு, காலையில் வெறும் வயிற்றோடு ஷிஃப்டுக்குப் போனது எனக்குத் தெரியும். வண்டி மேல் ஏறினால் ஃபோன் எடுக்கக் கூடாது என்பதும் தெரியும். இருந்தாலும் ஒரு மாதிரி இருந்தது.

மத்தியானம் குளித்துவிட்டுக் கஞ்சி வைத்துக்கொண்டு வரலாம் என்று நானும் பாயம்மாவும் காலி டிபன் கேரியர் பையோடு ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினோம். தெருமுனையில் ஆட்டோ திரும்பியது. அங்கே பேனர்.

பேனரில் என் வீட்டுக்காரர். கறுப்பு வெள்ளையில். நாலு மூலையிலும் தாமரைப்பூ, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. தலைக்கு மேலே பெரிய எழுத்தில் ‘உதிரம் தந்த உத்தமன்’. அடியில் கும்பிட்ட கைகள். பேனருக்குக் கீழே மன்றத்து ஆட்கள் கைகட்டி நிற்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் கறுப்பு வெள்ளையில் ஒரு முகம் தெருமுனைக்கு வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நேரே மூலக்கொத்தளம் சுடுகாடுதான்.

ஆட்டோ நிற்பதற்குள் குதித்தேன். எப்படிக் குதித்தேனோ தெரியாது. நடுரோட்டில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டேன். “ஐயோ, ரத்தத்த குடுத்துட்டு என்ன வுட்டுட்டுப் போய்ட்டியே! நைட்டு கூட நல்லாத்தானய்யா பேசிக்கினு இருந்த! நான் இன்னா பண்ணுவேன்! ஒரு பாக்கெட்டு இன்னாய்யா ஒரு பாக்கெட்டு, பால் டிப்போவையே வாங்கி ஊத்துய்யா! கட்அவுட்டுக்கு நானே தூக்கிக்கினு வர்றேன்யா! எந்திரிச்சு வாய்யா!” பாயம்மாவுக்கு நான் சொன்னது ஒன்றும் புரியாது. ஆனால் பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “யா அல்லா” என்று பக்கத்தில் உட்கார்ந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். மாடி மாடியாகப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“இன்னாமே? யாருக்கு இன்னா ஆச்சு?”

டீக்கடையிலிருந்து அவர் வருகிறார். ஒரு கையில் டீ கிளாஸ், இன்னொரு கையில் பாதி கடித்த பன். உயிரோடு.

எழுந்தேன். பக்கத்தில் விழுந்து கிடந்த டிபன் கேரியர் பையை எடுத்து முதுகிலும் தோளிலும் மாறி மாறிப் போட்டேன். டீ அவர் சட்டையில் கொட்டியது. பிறகு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து அழுதேன். இத்தனை வருஷத்தில் தெருவில் வைத்து நான் அவர் கையைக்கூடப் பிடித்ததில்லை.

“அண்ணி, பாயம்மா சொன்ன மாதிரி பொண்ணு ஃபோட்டோ போடல அண்ணி, பேரும் போடல,” என்றார் மன்றத்துக்காரர் ஒருவர், அடி தனக்கும் விழுமோ என்று தள்ளி நின்றபடி. “அண்ணன் ஃபோட்டோ மட்டும்தான் போட்டோம். தலைவரு பக்கத்துல இல்லாத ஃபோட்டோ ஒண்ணே ஒண்ணுதான் கெடச்சிச்சு, அது பழைய பாஸ்போர்ட் சைஸு. கடைக்காரரு கையில இருந்த டிசைன்ல அடிச்சிக் குடுத்துட்டாரு.”

“ஷிஃப்டு முடிஞ்சி இப்பத்தாம்மே வந்தேன், ஃபோன பாக்கவேல்ல. ஆப்ரேஷன் முடிஞ்சிச்சா? பொண்ணு எப்டி கீது?” என்று என் காதருகே கேட்டார் அவர். அவருக்கு அந்தக் கவலைதான்.

“பொட்டப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க. உன் ரத்தந்தான்யா காப்பாத்திச்சாம். டாக்டரே சொன்னாங்க,” என்றேன். அவர் கண் கலங்கிப்போய், மிச்சமிருந்த பன்னை என்னிடம் நீட்டினார். அந்த நேரம் மனதுக்குள் நான் சொன்ன நன்றியை எந்தச் சாமிக்கும் சொன்னதில்லை. அவருக்கு, எண்ணூர்க்காரருக்கு, மீஞ்சூர்க்காரருக்கு, அந்தப் பாழாய்ப்போன நடிகருக்கும் சேர்த்து.

பாயம்மா எழுந்து வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனரைப் பார்த்தார். உயிரோடு நிற்கிறவரைப் பார்த்தார். அவர் சட்டையைப் பிடித்த கையை இன்னும் விடாத என்னைப் பார்த்தார். பிறகு என் பின்னால் வந்து, இரண்டு தோளுக்கும் நடுவே, டி-ஷர்ட்டில் அந்த வார்த்தை இருந்த அதே இடத்தில், ஒரு விரலை வைத்து அழுத்தினார்.

“பேட்டி,” என்றார். “து பீ ஃபேன்ஸ்.”

நீயும்தான் என்கிறார். வேறு எந்த நாளாக இருந்தாலும் ‘நக்கோ’ என்று கத்தியிருப்பேன்.

“ஹவ், பாயம்மா,” என்றேன்.